வெளிநாட்டு வேலையில சாப்பாட்டுச் செலவு: ஆஃபர் லெட்டர்ல இருந்து மாசக் கணக்கு வரைக்கும்

வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்து இறங்குற பசங்க சாப்பாட்டுக் காசுல கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தடுக்கி விழுறாங்க. முதல் வாரம் எதையும் பாக்காம வெளிய சாப்பிடுறது, ரெண்டாவது வாரம் பேங்க் பேலன்ஸப் பாத்து மிரண்டு போய் ஒரு வேளை பட்டினி கிடக்குறது, மூணாவது வாரம் அந்தப் பசியிலயே டெலிவரி ஆப்பத் திறந்து முன்ன விட ஜாஸ்தியா இழுத்து விட்டுக்குறது. செலவக் குறைக்கணும்ங்கற எண்ணம் சரிதான், செய்யுற வரிசைதான் தலைகீழா இருக்கு.

நான் பாத்த வரைக்கும் காசு பெருசா போறது வேலை முடிஞ்சு உடம்பு கழண்டு போய் ரூமுக்கு வந்து சேர்ற அந்த அரை மணி நேரத்துலதான். கீழ சொல்லியிருக்குறதுல பாதிக்கு மேல அந்த அரை மணி நேரத்துக்காக முன்கூட்டியே பண்ணி வைக்கிற ஏற்பாடு, அதனால முடிஞ்ச வரை இதே வரிசையில போங்க.

1. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி: சாப்பாடு யார் தலையில?

"சாப்பாடு ஃப்ரீ"ன்னு ஏஜெண்ட் வாயால சொல்றத நம்பிக் கணக்குப் போடாதீங்க. கம்பெனியே மெஸ் வெச்சு மூணு வேளையும் போடலாம், ட்யூட்டி நேரத்துல ஒரு வேளை மட்டும் போடலாம், சாப்பாட்டு அலவன்ஸ்னு காசா குடுக்கலாம், இல்ல மெஸ்ல போட்டுட்டு மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கலாம். எதுன்னு ஆஃபர் லெட்டர்ல எழுத்துல இருக்கணும்.

பிடித்தம் இருந்தா ரெண்டு கேள்வி கட்டாயம் கேளுங்க: சாப்பிடாத நாளுக்கும் பிடிப்பாங்களா, மெஸ் வேணாம்னு எழுதிக் குடுத்தா அந்தக் காசு கைக்கு வருமா? இது தெரியாம மெஸ் சாப்பாடு பிடிக்கலன்னு ரூம்ல தனியா சமைக்க ஆரம்பிச்சா ஒரே சாப்பாட்டுக்கு ரெண்டு தடவ காசு குடுத்துட்டு இருப்பீங்க, அதுவும் சம்பளத்துல முன்னாடியே பிடிச்சுடுறதால கண்ணுக்கே தெரியாது.

அலவன்ஸா வந்தா அது அடிப்படைச் சம்பளத்துக்குள்ள இருக்கா, தனியான்னு பாத்துக்கோங்க. பல இடங்கள்ல ஓவர்டைம் கணக்கு, வேலைய விட்டு வரும்போது குடுக்குற தொகை இதெல்லாம் அடிப்படைச் சம்பளத்த வெச்சுத்தான் போடுறாங்க. அடிப்படையக் கொறைச்சு அலவன்ஸ ஏத்திக் காட்டினா மொத்தம் ஒரே மாதிரி தெரியும், ஆனா பின்னாடி அடி வாங்குறது நீங்கதான்.

இன்னொன்னு, தங்குற இடத்துல சமைக்க விடுவாங்களா? சில விடுதி, கேம்ப்ல தீ பயத்துக்காக ரூமுக்குள்ள அடுப்பு வைக்கவே கூடாதுன்னு விதி இருக்கும். பொதுச் சமையலறை இருக்கா, ஃப்ரிட்ஜ்ல நமக்குன்னு ஒரு தட்டாவது கிடைக்குமா, ஃப்ரீசர் இருக்கா, இதை ஏற்கனவே அங்க இருக்குற யாரையாவது பிடிச்சுக் கேட்டுடுங்க. ஃப்ரீசர் இல்லன்னா 7-வது ஸ்டெப்பே மாறிடும்.

2. பெட்டியில எதை வைக்கணும், எதை விட்டுட்டுப் போகணும்

எல்லாரும் குக்கர வெச்சுப் பெட்டிய நிரப்புறாங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க.

முதல்ல வோல்டேஜ். 230 வோல்ட்டுக்குச் செஞ்ச மின் குக்கர 120 வோல்ட் இருக்குற அமெரிக்கா, கனடா பக்கமோ 100 வோல்ட் இருக்குற ஜப்பான்லயோ சொருகினா, அது முழு சூட்டுல கால்வாசி அளவுதான் குடுக்கும், அரிசி ஊறிட்டேதான் இருக்கும். திருப்பிப் பண்ணினா, அதாவது அந்த ஊர்ப் பொருள 230-ல சொருகினா, கருகிடும். பிளக் அடாப்டர் ஓட்டையோட வடிவத்த மட்டும்தான் மாத்தும், வோல்டேஜ மாத்தாது. பொருளோட அடியில 100-240 அப்படின்னு போட்டிருந்தா எங்கயும் ஓடும், 220-240 மட்டும் போட்டிருந்தா, 100, 120 வோல்ட் நாட்டுக்குப் போறவங்க வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க.

ரெண்டாவது, இண்டக்‌ஷன் அடுப்பு. வாடகை ரூம்ல பாதி இடத்துல இதுதான் இருக்கும். அலுமினியக் குக்கர், செம்புப் பாத்திரம் இதுல சூடே ஆகாது. ஒரு சின்ன காந்தத்த எடுத்துப் பாத்திரத்தோட அடியில வெச்சுப் பாருங்க, கெட்டியா ஒட்டினா ஓடும், நழுவி விழுந்தா ஓடாது.

தின்பண்டம், மசாலா கொண்டு போறவங்க போற நாட்டோட கஸ்டம்ஸ் பட்டியலப் படிச்சுட்டுப் போங்க. இறைச்சி, பால் பொருள், விதை, பச்சைக் காய், பழம் இதுக்கெல்லாம் பல நாட்டுல தடையோ கட்டுப்பாடோ உண்டு. சந்தேகம் இருந்தா ஃபார்ம்ல எழுதிக் காட்டிடுறது உத்தமம். காட்டினா பெரும்பாலும் பொருள் மட்டும்தான் போகும், மறைச்சு மாட்டினா அபராதமும் சேந்து வரும்.

3. முதல் சம்பளம் வர்ற வரைக்கும் தனிக் கணக்கு

இந்தக் காலத்தத் தனியாப் பிரிச்சு வைங்க, ஏன்னா இதுல செலவு எப்பவுமே கூடத்தான் இருக்கும். உப்புல இருந்து கரண்டி வரைக்கும் எல்லாத்தையும் முதல் தடவ வாங்குறீங்க, எந்தக் கடை மலிவுன்னு தெரியாது, சில நாள் அடுப்பே கிடைக்காது. அதோட மாச நடுவுல சேந்தா, சம்பளப் பட்டியல் ஏற்கனவே மூடியிருந்தா, முதல் சம்பளம் அடுத்த மாசக் கடைசிக்குப் போயிடும். அதனால ஒரு மாசம்னு நினைக்காம ஆறு வாரம் தாங்குற மாதிரி சாப்பாட்டுக் காசு கையில வெச்சுட்டுப் போங்க.

இந்த நாட்கள்ல சொந்த நாட்டுக் கார்டத் தேய்க்க வேண்டியிருந்தா, மெஷின் சில சமயம் "எந்த நாட்டுப் பணத்துல பில் போடட்டும்"னு கேக்கும். நின்னுட்டு இருக்குற நாட்டோட பணத்தையே அமுக்குங்க. நம்ம பணத்துல போடச் சொன்னா கடைக்காரர் பக்கத்து மெஷினே மாற்று விகிதத்த முடிவு பண்ணும், அது பெரும்பாலும் நம்ம பேங்க் குடுக்குறத விட மோசமா இருக்கும்.

இந்த முதல் மாசச் செலவ வெச்சு "இங்க சாப்பாட்டுக்கே இவ்ளோ ஆகுது, தாங்காது"ன்னு முடிவுக்கு வராதீங்க.

4. ரெண்டு வாரம் எதையும் குறைக்காதீங்க, எழுத மட்டும் செய்யுங்க

அடுப்பு செட் ஆனதுக்கப்புறம் ரெண்டு வாரம், வாய்க்குள்ள போற எல்லாத்துக்கும் காசு எழுதுங்க. நோட்டோ ஃபோனோ எதுலயும் சரி. குறைக்கிறத இப்பவே ஆரம்பிச்சா எது வழக்கம், எது வைராக்கியம்னு தெரியாம போயிடும்.

தொகையோட இன்னும் ரெண்டு விஷயம் எழுதணும்: என்ன நேரம், எந்த நிலமையில வாங்கினது. "ராத்திரி 10:40, ட்யூட்டி முடிஞ்சு, ரூம்ல ஒண்ணும் இல்ல." "காலைல 6:15, எந்திரிக்க லேட்டு." தொகைய மட்டும் எழுதினா மாசக் கடைசில மொத்தம் கூடியிருக்குன்னு தெரியும், ஏன் கூடுச்சுன்னு தெரியாது. நேரம் போட்டு எழுதினவங்க நோட்டப் புரட்டினா பெரிய தொகையெல்லாம் வாரத்துல ரெண்டு மூணு குறிப்பிட்ட வேளையிலயே வந்து குவிஞ்சு கிடக்கும். அந்த ரெண்டு மூணு வேளைய அடைச்சா போதும், மத்த நாள்ல ஒரு காபி குடிச்சதுக்கெல்லாம் மனசு நோக வேண்டியதில்ல.

தண்ணி பாட்டில், டீ, நொறுக்கு இதையும் விடாம எழுதுங்க. மாசத்துக்கு 22 வேலை நாள், ஒரு நாளைக்கு ரெண்டு வாங்கினா 44. அந்த 44-ஐ விலையால பெருக்கிப் பாத்துட்டு ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கோங்க.

5. சொந்த நாட்டுக் காசுல மாத்திப் பாக்குறத நிறுத்துங்க

இதுல ரெண்டு பக்கமும் அடி விழும். சம்பள நாட்டுப் பணம் மதிப்புக் கூடுனதா இருந்தா, ஒரு கிலோ தக்காளி விலைய மாத்திப் பாத்துட்டு "அய்யோ இவ்ளோவா"ன்னு கைய எடுத்துடுவாங்க, காயே வாங்காம வெறும் சோறும் பிரெட்டுமா ஓட்டுவாங்க. சிலருக்கு நேரெதிர், நோட்டுல இருக்குற எண் சின்னதா இருக்கே, "வெறும் 12 தானே"ன்னு அள்ளிப் போடுவாங்க.

சம்பாதிக்கிற பணத்துலயே அளந்து பாருங்க. கையில வர்ற மாசச் சம்பளத்த மாசத்து வேலை மணி நேரத்தால வகுத்தா, உங்க ஒரு மணி நேர உழைப்பு எவ்ளோன்னு வரும். ஒரு பார்சல் சாப்பாடு ரெண்டு மணி நேர உழைப்பக் கேக்குதா, அரை மணி நேரத்தக் கேக்குதான்னு தெரிஞ்சா முடிவு தானா வரும். வீட்டுக்கு அனுப்புற தொகைக்கு மட்டும் மாத்திப் பாத்தா போதும்.

6. மாசக் காச வாரக் காசாக்குங்க, நாலால வகுக்காதீங்க

மாச பட்ஜெட் பெரும்பாலும் ஓடாது, ஏன்னா முதல் பத்து நாள்ல எவ்ளோ செலவு பண்ணினாலும் "இன்னும் இருக்கே"ன்னு தோணும். வாரமா இருந்தா தப்பு பண்ணினா அஞ்சு நாள்ல தெரிஞ்சுடும், அடுத்த வாரம் புதுசா ஆரம்பிக்கலாம்.

ஆனா வகுக்குறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. வருஷத்துக்கு 52 வாரம், 12 மாசம். சாப்பாட்டுக்கு மாசம் 520 வெச்சிருக்கீங்கன்னு வைங்க. நாலால வகுத்தா வாரத்துக்கு 130. சரியான கணக்கு 520 பெருக்கல் 12, வகுத்தல் 52, அதாவது 120. அந்த வாரப் பத்து, வருஷத்துக்கு 520. ஒரு முழு மாசச் சாப்பாட்டுக் காசு, எங்க போச்சுன்னே தெரியாம போயிருக்கும்.

வாரக் காச தனியா ஒரு கார்ட்லயோ கவர்லயோ போட்டு வைங்க. வீட்டுக்கு அனுப்புறது, வாடகை, கடன் இதெல்லாம் சம்பளம் வந்த அன்னைக்கே போயிடட்டும், ஆனா சாப்பாட்டுக் காச அதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுடுங்க. மிஞ்சினதுல சாப்பிட்டுக்கலாம்னு எல்லாத்தையும் அனுப்பிட்டு இருபதாம் தேதி ரூம்மேட் கிட்ட கை நீட்டுறவங்கள நிறைய பாத்தாச்சு, அந்தக் கடன் அடுத்த மாசச் சாப்பாட்டுலதான் கை வைக்கும்.

7. சமையல்: ஒரு நாள் உழைச்சு மூணு நாள் சாப்பிடுறது

கடைக்கு முன்னாடி சமையலச் சொல்றேன், ஏன்னா என்ன சமைக்கப் போறோம்னு தெரியாம கடைக்குப் போறதுதான் குப்பைக்குப் போற காய்க்கெல்லாம் காரணம்.

லீவு நாள்ல ரெண்டு மணி நேரம் ஒதுக்கி ரெண்டு மூணு ஐட்டம் மொத்தமா பண்ணுங்க. ஆரம்பத்துலயே ஏழு நாளைக்கும் பண்ண வேணாம், நாலாவது நாள் அலுத்துப் போய் தொடவே மாட்டீங்க, கெட்டும் போயிடும். சமைச்சது ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள்தான், அதுக்கு மேல வேணும்னா செஞ்ச அன்னைக்கே ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிடுற அளவு டப்பாவா பிரிச்சு ஃப்ரீசர்ல போடணும். பெரிய டப்பாவுல போட்டா ஒரு வேளைக்காக மொத்தத்தையும் உருக்கணும்.

சோறு விஷயத்துல கவனம் ரொம்ப வேணும். சமைச்ச சோத்த ராத்திரி முழுக்க வெளிய விட்டுட்டுக் காலைல சூடு பண்ணி சாப்பிடுறது ரூம்கள்ல சர்வ சாதாரணம். அரிசியில இருக்குற பேசில்லஸ் சீரியஸ்ங்கற பாக்டீரியாவோட வித்து வேக வெச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுப்பா கிடக்கும்போது முளைச்சு விஷத்த உண்டாக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி, வயித்தால போய் ரெண்டு நாள் லீவு போட்டா மிச்சம் பிடிச்ச காசெல்லாம் போச்சு. அகலமான தட்டுல பரப்பி ஆற வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருக்கணும், ஃப்ரீசர் மைனஸ் 18.

ராஜ்மா மாதிரி சிவப்புப் பயறு வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராத்திரி ஊற வெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு வேக வைக்கணும், குறைஞ்சது பத்து நிமிஷமாவது அந்தக் கொதி இருக்கணும், அரை மணி நேரம் விட்டா இன்னும் நல்லது. பச்சையா இருக்கும்போது அதுல ஒரு நச்சுப் பொருள் உண்டு. மெதுவா வேக வைக்கிற ஸ்லோ குக்கர்ல நேரா போட்டா அந்தச் சூடு பத்தாது, நச்சு அப்படியே இருக்கும். பிரஷர் குக்கர்னா கவலையில்ல, உள்ள சூடு 100-ஐத் தாண்டிடும்.

8. கடை: விலைய விட்டுட்டு கிலோ விலையப் பாருங்க

நிறைய நாட்டு சூப்பர் மார்க்கெட்டுல விலைச் சீட்டோட ஓரத்துல பொடி எழுத்துல கிலோவுக்கோ நூறு கிராமுக்கோ எவ்ளோன்னு போட்டிருக்கும். பெரிய எழுத்த விட்டுட்டு அதை மட்டும் பாருங்க. பெரிய பாக்கெட்தான் மலிவுன்னு கிடையாது, ஆஃபர் போட்ட சின்ன பாக்கெட் சில வாரம் கிலோ கணக்குல மலிவா இருக்கும். சீட்டுல இல்லன்னா ஃபோன் கால்குலேட்டர் போதும்.

டின் வாங்கினா தண்ணி வடிச்ச எடையப் பாருங்க. 400 கிராம் பயறு டின்ல பயறு சுமார் 240 கிராம்தான், மீதி தண்ணி. காஞ்ச பயறு ஊறி வெந்தா ரெண்டு மடங்குக்கு மேல கனக்கும், அப்போ 100 கிராம் காஞ்ச பயறு அந்த ஒரு டின்னுக்குக் கிட்டத்தட்ட சமம். இதை வெச்சு விலைய ஒப்பிட்டுட்டு, அவசரத்துக்கு மட்டும் டின் வாங்கிக்கோங்க.

உறைய வெச்ச காய மட்டமா நினைக்காதீங்க. பறிச்ச கொஞ்ச நேரத்துலயே உறைய வெக்கிறதால சத்துல பெரிய வித்தியாசம் இல்ல, நறுக்குற வேலை மிச்சம், அழுகிப் போய் குப்பைக்குப் போறதும் இல்ல. ஷிப்ட் மாறிட்டே இருக்குறவங்களுக்கு இதுதான் லாயக்கு.

சாயங்காலம் கடை மூடுற நேரத்துல ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பாங்க, அதுல தேதியப் பாத்து வாங்குங்க. "இந்தத் தேதிக்குள்ள சாப்பிடவும்"னு இருந்தா அது பாதுகாப்புக்கான தேதி, தாண்டக் கூடாது. "இந்தத் தேதி வரை சிறப்பாக இருக்கும்"னு இருந்தா அது ருசி, மொறுமொறுப்பு சம்பந்தப்பட்டது, தேதி தாண்டினதும் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த ரெண்டு வாசகத்தையும் அந்த நாட்டு மொழியில எப்படிப் போடுவாங்கன்னு முதல் வாரத்துலயே கத்துக்கோங்க.

9. களைச்சுப் போய் வர்ற ராத்திரிக்கு ஒரு ஏற்பாடு

இதை விட்டுட்டா மேல பண்ணின எல்லாம் வீண். எவ்ளோ ஒழுங்கான ஆளா இருந்தாலும் பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து வெங்காயம் உரிக்க மாட்டான்.

பத்து நிமிஷத்துக்குள்ள, ஒரே பாத்திரத்துல, யோசிக்காம பண்ற மாதிரி மூணு சாப்பாடு முடிவு பண்ணி சாமான எப்பவும் ஸ்டாக் வைங்க. முட்டை, உறைய வெச்ச காய், சீக்கிரம் வேகுற ஏதாவது ஒண்ணு, ஃப்ரீசர்ல ரெண்டு டப்பா. இந்த ஸ்டாக்க சாதாரண நாள்ல தொடக் கூடாது, தொட்டா அடுத்த கடைப் பட்டியல்ல முதல் வரியா அதை எழுதணும்.

டெலிவரி ஆப்ப டெலிட் பண்ணுங்கன்னு சொன்னா யாரும் கேக்கப் போறதில்ல. அதுல சேவ் பண்ணி வெச்சிருக்குற கார்ட மட்டும் எடுத்துடுங்க. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் பர்ஸ் எடுத்து பதினாறு நம்பர் அடிக்கணும்னா, அதுக்குள்ள முட்டை வெந்துடும். ஆர்டர் பண்ணித்தான் ஆகணும்னா மெனு விலையப் பாக்காம கடைசி ஸ்கிரீன்ல வர்ற மொத்தத்தப் பாருங்க, டெலிவரி சார்ஜ், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் அங்கதான் ஏறும், குறைஞ்சபட்ச ஆர்டர் தொகைய எட்டுறதுக்காகத் தேவையில்லாத ஒண்ணையும் சேத்திருப்பீங்க. நடந்து போய் வாங்குற தூரம்னா கடையில விலையே குறைவா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

10. ரூம்ல சேந்து சமைச்சா: ஆள் கணக்கு வேணாம், வேளைக் கணக்கு போடுங்க

நாலு பேர் சேந்து சமைச்சா தனியா சமைக்கிறத விட செலவு நல்லாவே குறையும், ஆனா ரூம் உடையுறதும் இதுலதான். மொத்தத்த நாலால வகுக்குறப்போ நைட் ஷிப்ட்ல கம்பெனிலயே சாப்பிடுறவன் வாய மூடிட்டு ரெண்டு மாசம் குடுப்பான், மூணாவது மாசம் "அண்ணே, நான் தனியா பாத்துக்குறேன்"னு சொல்லிடுவான்.

அதுக்கு ஒரு வழி இருக்கு. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு சார்ட் ஒட்டுங்க, யார் எந்த வேளை சாப்பிட்டாங்களோ அவங்க பேர்ல ஒரு டிக். மாசக் கடைசில மொத்தச் செலவ மொத்த டிக்கால வகுத்தா ஒரு வேளைக்கு எவ்ளோன்னு வரும். மொத்தம் 540 செலவு, டிக் 60, 60, 40, 20, ஆக 180 வேளைன்னு வைங்க. ஒரு வேளைக்கு 3. அப்போ ஆளுக்கு 180, 180, 120, 60. நாலால வகுத்திருந்தா 20 வேளை சாப்பிட்டவனும் 135 குடுத்திருப்பான்.

கேஸ், எண்ணெய், உப்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு இதெல்லாம் வேளைக் கணக்குல சேக்காம சமமா பிரிச்சுக்கோங்க, இல்லன்னா சண்டை அங்க வரும். விருந்தாளி வந்தா கூட்டிட்டு வந்தவர் பேர்ல டிக். கறி சாப்பிடாதவங்க இருந்தா கறி பில் தனி. இந்த விதி எல்லாம் முதல் நாளே பேசிடணும், பிரச்சினை வந்தப்புறம் பேசினா ஒவ்வொண்ணும் ஒருத்தர் மேல குத்தமா போயிடும். பில்ல ஃபோட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போடுறது அன்னைக்கே நடக்கணும், ஞாயித்துக்கிழமை சேத்துப் போடுறேன்னு சொல்றவரோட பில் பெரும்பாலும் வராது.

11. கை வைக்கக் கூடாத இடம்

பருப்பு, முட்டை, காய் இதுல குறைக்காதீங்க. வெறும் மாவுச்சத்துலயே ஓட்டினா வயிறு நிறையும், ரெண்டு மணி நேரத்துல திரும்பப் பசிக்கும், அந்தப் பசி நொறுக்குலதான் முடியும். உடல் உழைப்பு வேலையா இருந்தா இன்னும் மோசம். இந்த வழி எல்லாம் பண்ணியும் வாரக் காசு பத்தலன்னா தட்டுல கை வைக்காம வாடகை, ஃபோன் பிளான், வீட்டுக்கு அனுப்புற தொகை இதுல எதையாவது பேசிப் பாருங்க. வீட்டுல உண்மையான நிலவரத்தச் சொல்றது சங்கடம்தான், ஆனா பாதிப் பேர் அவங்களாவே ஏத்திக்கிட்ட தொகைதான் அது.

12. எப்போ திரும்பக் கணக்குப் போடணும்

மாசா மாசம் உக்காந்து பெரிய ஆடிட் எல்லாம் வேணாம். ஷிப்ட் மாறினா, ரூம்மேட் காலி பண்ணினா, புதுசா ஒருத்தர் வந்தா, கம்பெனி மெஸ் விதி மாறினா, இந்த நாலு நேரத்துல மட்டும் 4-வது ஸ்டெப்ப ஒரு வாரத்துக்கு ஓட்டுங்க. பழைய வாரத் தொகைய அப்படியே வெச்சுக்கிட்டு புது ஷிப்டுக்குப் போனா களைச்ச ராத்திரி வேற கிழமைக்கு நகந்திருக்கும், நீங்க ஸ்டாக் வெச்சது வேற நாளுக்கா இருக்கும்.

லீவுல வீட்டுக்குப் போறதுக்கு மூணு வாரம் முன்னாடியிருந்து மொத்தமா எதையும் வாங்காம இருக்குற சாமானத் தீத்துட்டு வாங்க. கிளம்புற அன்னைக்கு ஃப்ரீசர்ல பேர் எழுதாத டப்பா எதுவும் இருந்தா ரூம்ல இருக்குறவங்களுக்குச் சொல்லிட்டுப் போங்க, இல்லன்னா ரெண்டு மாசம் யாரும் தொடாம அப்படியே கிடக்கும்.